கதவு திறந்தா நிக்கணும்

மாடியில வீடு, கீழ கொடோன். அதனால சின்னவ வீட்டுல எதைச் சாப்பிட்டாலும் அதுல கொஞ்சம் கூலண்ட் வாடை அடிக்கும். கூலண்டுன்னா, இரும்பை வெட்டறப்போ சூடு ஏறாம இருக்க மெஷினுக்குள்ள பீச்சற பால் கலர் தண்ணி. புதுசுல ஒண்ணும் தெரியாது. மெஷினுக்கு அடியில இருக்கற தொட்டியிலயே மாசக்கணக்கா தேங்கிக் கெடந்துச்சுன்னா, செத்த எலியை அழுகின முட்டையில ஊறப்போட்ட மாதிரி நாறும். தலைக்கு எத்தனை தடவை ஊத்துனாலும் போகாது. ஸ்கூல்ல பக்கத்துல உக்கார்றவ ஒரு நாள் மெதுவா கேட்டா, "உங்க வீட்டுல மீன் விக்கறாங்களாடி?" சின்னவ ஆமான்னுட்டா. மீன்னு சொல்றது கொஞ்சம் கௌரவமா இருந்துச்சு.

அப்பாவுக்குப் பழைய மெஷின் வாங்கி விக்கற தொழில். லேத்து, மில்லிங், கம்ப்யூட்டர் வச்ச சிஎன்சி, எதுவா இருந்தாலும் சரி. எங்க ஒரு கம்பெனியை மூடறாங்களோ அங்க அப்பா போய் நிப்பார். மூஞ்சியைத் தொங்கப்போட்டுக்கிட்டு, "எப்படி இருந்த கம்பெனி"ன்னு உச்சு கொட்டிக்கிட்டு, கண்ணால மட்டும் எது தேறும்னு அளந்துக்கிட்டு. வாங்கிட்டு வந்ததும் மொதல் வேலை கழுவறது. ரெண்டாவது வேலை பெயிண்டர்.

பெயிண்டரை எல்லாரும் மேக்கப்னுதான் கூப்புடுவாங்க. துருவுக்குப் பட்டி, பட்டிக்கு மேல பெயிண்ட். அதோட விட மாட்டார். மெஷினோட மேசை முன்ன பின்ன வழுக்கிட்டுப் போற பாதையில, புதுசுல பிறை பிறையா செதுக்கி இருக்கும், எண்ணெய் நிக்கறதுக்காக. ஓடி ஓடித் தேஞ்சா அது அழிஞ்சுடும். வாங்க வர்றவன் மொதல்ல அதைத்தான் பார்ப்பான். மேக்கப் சின்ன கிரைண்டரை எடுத்து மறுபடியும் பிறை போட்டு வைப்பார். "கெழவனுக்குப் பல்லு கட்டறேன்"னு சிரிப்பார். அப்பாவும் சிரிப்பார். சின்னவளும் முன்னெல்லாம் சிரிச்சிருக்கா. அதை நெனச்சா இப்போ கூசுது.

மூணாவது வேலை சின்னவளோடது. முன்ன அக்கா பண்ணிட்டு இருந்தா. அக்கா வேலை கெடைச்சு வேற ஊருக்குப் போனவ, லீவுக்குக்கூட வர்றதில்ல. ஏன் வர்றதில்லன்னு சின்னவளுக்கு அப்போ புரியல.

வாங்கற ஆளு வர்ற அன்னிக்கு, ஞாயித்துக்கிழமையா இருந்தாலும் அப்பா சொல்லுவார், "யூனிஃபார்ம் போட்டுக்கோ." ரெட்டை ஜடை, ரிப்பன், அயர்ன் பண்ணின யூனிஃபார்ம். அப்படியே போய் மெஷின் முன்னால நின்னு பச்சை பட்டனை அமுக்கணும். அப்பா வந்தவங்ககிட்ட சொல்லுவார், "எம்பொண்ணு. பன்னெண்டாவது படிக்கறா. அவளே ஓட்டறா பாருங்க. அவ்வளவு சுலபம்." எத்தனை பழம் தின்னு கொட்டை போட்ட ஆளா இருந்தாலும் ஒரு ஸ்கூல் பொண்ணு முன்னால மெஷினுக்கு அடியில படுத்துப் பார்க்கக் கூச்சப்படுவான். குறுக்கக் கேள்வி கேட்க வந்தவன், "நல்லா படிக்கணும் பாப்பா"ன்னுட்டுப் போயிடுவான். அப்பாவுக்கு அது தெரியும். பட்டிக்கு மேல பெயிண்ட் மாதிரி, பெயிண்டுக்கு மேல சின்னவ.

இந்த மெஷின் வந்தது மழை நாள்ல. லாரியிலேருந்து எறக்கறப்பவே தொட்டியிலேருந்து கறுப்பா ஒழுகுச்சு. மத்த மெஷினையெல்லாம் கழட்டி விக்கறப்போ இதை மட்டும் தார்ப்பாய் போட்டு மூலையில தள்ளி வச்சிருந்தாங்களாம். யாரும் கிட்டப் போகலையாம். அப்பா சல்லிசா அடிச்சுட்டு வந்துட்டார். அன்னிக்கு ராத்திரி சோறு போடறப்போ அம்மாகிட்ட சொன்னார், "இது உன் தங்கச்சிக்கு. வெளிய எவனுக்கோ குடுக்கறதுக்கு அவளுக்கே குடுத்துடலாம். பையன் வேலை போய் சும்மாத்தான இருக்கான்."

அம்மா முகம் பூரிச்சுப் போச்சு. சித்தப்பா செத்ததுலேருந்து சித்தியும் பையனும் பட்ட பாடு அம்மாவுக்கு எப்பவும் நெஞ்சுல முள்ளு. சித்தி பையன் சின்னவளுக்கு அண்ணன் மொறை. பெரிய கம்பெனியில ஆபரேட்டரா இருந்தவன், ஆள் குறைச்சதுல வீட்டுக்கு வந்துட்டான். ஒரு மெஷின் போட்டு வீட்டு முன்ரூம்லயே ஓட்டலாம்னு சித்தி வளையலை எல்லாம் கழட்டி வச்சிருந்தா.

"நல்ல மெஷின்தான?"ன்னு அம்மா கேட்டா.

"நான் குடுக்கறது உன் தங்கச்சிக்குடி."

அம்மா அதையே பதிலா எடுத்துக்கிட்டா.

தொட்டியை சின்னவதான் வழிச்சா. கையுறை போட்டு, முறத்தால அள்ளி, வாளியில கொட்டி. மேல வெள்ளையா ஆடை, கீழ சேறு, சேத்துக்குள்ள வெட்டறப்போ சீவி விழுந்த இரும்புச் சுருள். மூக்கை மூட கை இல்ல. வாயால மூச்சு விட்டா நாக்குல அந்த ருசி வந்து ஒட்டுது. பாதி அள்ளினப்போ முறத்துல துணி மாதிரி ஒண்ணு வந்துச்சு. சாம்பல் கலர், வேலை செய்யறவங்க போடற கையுறை. முழுசா இல்ல, ரெண்டு விரல் மட்டும், ஓரம் நார் நாரா. ஒரு விரல் சப்பையா இருந்துச்சு. இன்னொண்ணு கனமா இருந்துச்சு.

அவ ஏன் அதை அமுக்கிப் பார்த்தான்னு அவளுக்கே தெரியாது. அமுக்கினா, மெத்துனு உள்ள போச்சு. நுனியில கெட்டியா ஒண்ணு தட்டுச்சு. நகம்.

முறத்தைப் போட்டுட்டு கொல்லைப்பக்கம் ஓடி, வெறும் வயித்தோட வாந்தி எடுத்தா. அப்பா வந்து நின்னார்.

"என்னடி?"

"உள்ள விரல் இருக்குப்பா."

அப்பா போய்ப் பார்த்தார். குச்சியால அதைத் தள்ளி, சுருள் போட்டு வைக்கற சாக்குக்குள்ள விட்டார். சாக்கு வாயைக் கட்டினார். "ரப்பரு. தண்ணியில ஊறி உப்பிக் கெடக்கு. கண்டதையெல்லாம் கையில எடுக்காத." மறுநாள் பழைய இரும்புக்காரன் வந்தான். அந்த சாக்கும் மத்த சாக்கோட சேர்ந்து எடைக்குப் போச்சு.

எடைக்குப் போச்சு. படுத்தா இந்த வார்த்தைதான் அவ மண்டைக்குள்ள ஓடுச்சு. கை கழுவினா, மறுபடி கழுவினா. சோத்துல கை வச்சா அந்த மெத்துனு வந்துச்சு. ஸ்பூன்ல சாப்பிட ஆரம்பிச்சா. "மகாராணி ஸ்பூன் கேக்கறாங்க"ன்னு அப்பா கிண்டல் பண்ணினார்.

மேக்கப்புக்குத்தான் வாய் நிக்காது. பட்டி போட்டுக்கிட்டே சொன்னார், "ஏன் பாப்பா, ஊர் பூரா தெரியுமே. இதை ஓட்டின பையன் மெஷின் ஓடறப்போவே உள்ள கையை விட்டு சுருளை வாரினானாம். இரும்பை வெட்டிக்கிட்டு சுத்தற கட்டர் கையுறையைப் புடிச்சு இழுத்துடுச்சு. ரெண்டு விரல். ஆளு உயிரோடத்தான் இருக்கான்."

"கதவு திறந்தா மெஷின் நிக்கணும்ல?"

"நிக்கணும்தான். இங்க பாரு."

காட்டினார். கதவு மேல் ஓரத்துல நாக்கு மாதிரி சின்ன இரும்புத் தகடு ஒண்ணு இருக்கணும். கதவை மூடினா அது பக்கத்துல இருக்கற சின்னப் பொட்டிக்குள்ள போய் உக்காரும். உக்காந்தாத்தான் மெஷின் ஓடும். கதவைத் திறந்தா நாக்கு வெளிய வந்துடும், மெஷின் நின்னுடும். இதுல யாரோ நாக்கைக் கதவுலேருந்து கழட்டி, பொட்டிக்குள்ளயே நிரந்தரமா சொருகி வச்சிருந்தாங்க. கதவு திறந்திருந்தாலும் மூடியிருக்குன்னு மெஷின் நெனச்சுக்கும்.

"இதைத் திருப்பி மாட்டலையா?"

"உங்கப்பா சொல்லலையே."

சின்னவ நேரா மாடிக்குப் போனா. அம்மா துணி மடிச்சுட்டு இருந்தா. இவ எல்லாத்தையும் சொன்னா. அம்மா மடிச்ச துணியையே பிரிச்சு மறுபடி மடிச்சா.

"அம்மா, அண்ணன் ஓட்டப் போற மெஷின்மா."

"அவன் கவனமா ஓட்டுவான். தெரிஞ்சவன்."

"அந்தப் பையனும் தெரிஞ்சவன்தான."

"உங்கப்பாகிட்ட நான் பேசறேன். நீ பேசாத." அம்மா பேசல. சின்னவ காதைத் தீட்டிக்கிட்டுப் படுத்துக் கெடந்தா. ஃபேன் சத்தம் மட்டும்தான் கேட்டுச்சு.

சித்தி வர்ற அன்னிக்கு விடியறதுக்குள்ள அப்பா மெஷினைப் போட்டு விட்டுட்டார். அது ஒரு வித்தை. பழைய மெஷின் குளிர்ந்து கெடக்கறப்போ சுத்த விட்டா, கட்டர் மாட்டற ஸ்பிண்டில் தொண்டை கட்டின மாதிரி கரகரங்கும். சூடேறிட்டா அமைதியாயிடும். தொழில் தெரிஞ்சவன் வந்ததும் தொட்டுப் பார்ப்பான், சூடா இருந்தா சந்தேகப்படுவான். அதுக்கும் அப்பாகிட்ட மருந்து இருந்துச்சு. ஆளு வர்றதுக்கு முன்னால ஈரத்துணியைச் சுத்தி ஆற வைப்பார். காய்ச்சக்காரனுக்கு நெத்தியில போடற மாதிரி.

"யூனிஃபார்ம்"னார் அப்பா.

"சித்திக்கு எதுக்குப்பா யூனிஃபார்ம்?"

"பழக்கத்தை விடக் கூடாது."

சித்தி பிஸ்கட் பாக்கெட்டோட வந்தா. மெஷினைப் பார்த்ததும் பொடவை முந்தானையால அதோட கண்ணாடியைத் தொடச்சா, ஏற்கெனவே அது பளபளன்னுதான் இருந்துச்சு. அண்ணன் சுத்திச் சுத்தி வந்தான். தொட்டுப் பார்த்தான். சில்லுனு இருந்துச்சு. அந்தப் பாதையில இருந்த பிறையைப் பார்த்தான். "அடேங்கப்பா, இன்னும் அழியவே இல்லையே பெரியப்பா"ன்னான். மேக்கப் வெளிய போய்ட்டார்.

"எங்கிட்ட வேற நல்லதெல்லாம் இருக்கு. ஆனா இதை உனக்குன்னே எடுத்து வச்சேன்"னார் அப்பா.

"நீங்க இருக்கறப்போ எனக்கு என்ன அத்தான் கவலை"ன்னா சித்தி. "வெளிய நாலு எடம் பார்த்தோம். ஒருத்தன் மூஞ்சியிலயும் உண்மை இல்ல."

"தொழில் கெட்டுப் போச்சும்மா."

சொல்றப்போ அப்பா கண்ணு கலங்கின மாதிரிகூட இருந்துச்சு.

"ம், ஓட்டிக் காட்டுடி"ன்னார் அப்பா.

அவ பச்சை பட்டனை அமுக்கினா. கதவு மூடியிருக்கு. கண்ணாடிக்குப் பின்னால கட்டர் சுத்துது, வெள்ளைத் தண்ணி பீச்சுது, அலுமினியச் சுருள் பறக்குது. அப்பா ஆரம்பிச்சார், "பன்னெண்டாவது படிக்கறா, அவளே..."

சின்னவ கதவோட கைப்பிடியைப் புடிச்சா. ஒரே இழுப்பு. கதவு தெறந்துக்குச்சு.

மெஷின் நிக்கல. கட்டர் அதே வேகத்துல சுத்துது. தண்ணி அவ யூனிஃபார்ம்ல, மூஞ்சியில, ரிப்பன்ல அடிக்குது. சுருள் வந்து கழுத்துல குத்துது. அவ நகரல. பார்த்துக்கட்டும்னு நின்னா. யாராவது இப்போ கத்துவாங்க, சித்தி பையனைப் பின்னால இழுப்பா, "என்ன அத்தான் இது"ன்னு கேட்பா. அப்பா ஒரு அடி பின்னால போனார்.

அண்ணன் மூஞ்சி மலர்ந்துச்சு.

"அட, பெரியப்பா. கதவு லாக்கை ஏற்கெனவே எடுத்து விட்டுட்டீங்களா? நானே போனதும் ஆளை வச்சு எடுக்கணும்னு நெனச்சுட்டு இருந்தேன். கம்பெனியிலயும் மெக்கானிக்கை வச்சு எடுத்துடுவோம். சும்மா சும்மா நின்னா வேலை எங்க ஆகறது?"

அப்பாவுக்கு மூச்சு வந்துச்சு. "பின்ன? உனக்கு வசதியா இருக்கட்டும்னுதான்."

"பார்த்தியாம்மா. பெரியப்பா எவ்வளவு யோசிச்சிருக்கார்." சொல்லிக்கிட்டே அண்ணன் கிட்ட வந்தான். கட்டர் அப்போதான் ஒரு ஓரத்துக்குப் போச்சு. பழக்க தோஷம், பேச்சோட பேச்சா, வெறுங்கையை உள்ள விட்டு சுருளை வாரினான்.

சின்னவ செவப்பு பட்டனைக் குத்தினா. அவளுக்கே மணிக்கட்டு வலிக்கற மாதிரி.

கட்டர் சுத்தி சுத்தி நின்னுச்சு. தண்ணி சொட்டற சத்தம் மட்டும்.

"ஏன்டி நிறுத்தினே?"ன்னார் அப்பா.

"இதுக்குள்ள ஒருத்தன் விரல் போயிருக்கு"ன்னா அவ. சத்தமா சொல்லணும்னு நெனச்சா, கெணத்துக்குள்ளேருந்து வர்ற மாதிரி வந்துச்சு. "தொட்டியில நான் எடுத்தேன். நகத்தோட. அப்பா சுருள் சாக்குல போட்டு எடைக்குப் போட்டார்."

அண்ணன் கையை சட்டையில தொடச்சான். சித்தி அப்பாவைப் பார்க்கல, அம்மாவைப் பார்த்தா.

"அக்கா, உனக்குத் தெரியுமா?"

"டீ ஆறிடப் போகுது"ன்னா அம்மா. அங்க யாரும் இன்னும் டீயே போடல.

சித்தி மெஷினை ஒரு சுத்து சுத்தி வந்தா. முந்தானையைத் தூக்கிச் சொருகிக்கிட்டா. தொட்டிப் பக்கம் குனிஞ்சு பார்த்தா. நிமிர்ந்தப்போ அவ மூஞ்சி வேற மாதிரி இருந்துச்சு. அழப்போறான்னு சின்னவ நெனச்சா. திட்டப்போறான்னு நெனச்சா. பையன் கையைப் புடிச்சு இழுத்துட்டு வாசலைத் தாண்டணும்னு வேண்டிக்கிட்டா.

"அப்போ இது விரல் போன மெஷின்"ன்னா சித்தி. "வெளிய சொன்னா ஒருத்தன் வாங்க மாட்டான்."

"என்னம்மா சொல்ல வர்றே?"

"நான் என்ன சொல்லப் போறேன் அத்தான். நீங்களே ஒரு நியாயமான வெலையா சொல்லுங்க."

அப்புறம் ரெண்டு பேரும் உக்காந்து பேசினாங்க. அப்பா ஏத்த, சித்தி எறக்க. எறக்கறப்பல்லாம் சித்தி ஒரு தடவை "விரல்"ன்னா. அப்பா ஏத்தறப்பல்லாம் "ரெண்டே ரெண்டு"ன்னார். அம்மா நெஜமாவே டீ கொண்டு வந்து வச்சா. பிஸ்கட் பாக்கெட்டைப் பிரிச்சாங்க. சின்னவ நனைஞ்ச யூனிஃபார்மோட நின்னுக்கிட்டு இருந்தா. அண்ணன் ஒரு பிஸ்கட்டை எடுத்து அவகிட்ட நீட்டினான். அதே கையால. "பயப்படாத குட்டி. எனக்கு கை பழகினது. கண்ணை மூடிக்கிட்டு வாருவேன்."

மறுநாள் காலையில லாரி வரும்னு பேச்சு. அன்னிக்கு சாயங்காலமே அப்பா கிரேன்காரனைப் பார்க்கக் கெளம்பினதும் சின்னவ கொடோனுக்குப் போனா. ஸ்டூல் போட்டு ஏறி, பொட்டிக்குள்ள இருந்த நாக்கை இழுத்தா. கிரீஸ் காஞ்சு புடிச்சுக்கிட்டு இருந்துச்சு. கட்டிங் பிளேயரால ஆட்டி ஆட்டி உருவினா. கதவு மேல அது இருந்த எடத்துல ஸ்க்ரூ ஓட்டையை மேக்கப் பட்டியால அடைச்சிருந்தார். ஆணியால சுரண்டினா. ஆணி வழுக்கிப் பெயிண்டைக் கீறுச்சு. டப்பாவுலேருந்து எடுத்த ரெண்டு புது ஸ்க்ரூவையும் முறுக்கறப்போ வாசல்ல நெழலாடுச்சு.

மேக்கப். பீடியை வாயிலேருந்து எடுக்காமயே அண்ணாந்து பார்த்தார்.

"அப்பாகிட்ட சொல்லிடாதீங்க"ன்னா அவ.

"ஸ்க்ரூ பளபளன்னு இருக்கு. அவர் கண்ணு கழுகுக் கண்ணு." போய் டப்பாவும் பிரஷ்ஷும் எடுத்துட்டு வந்தார். ஸ்க்ரூ தலையில, கீறல்ல, நாக்கோட ஓரத்துல ஒரு ஒத்து ஒத்தினார். ஊதி விட்டார். "என்னை இதுல இழுக்காத பாப்பா. எனக்கும் புள்ளைங்க இருக்கு."

அவர் போனதும் அவ ஓட்டிப் பார்த்தா. கதவை மூடி பச்சையை அமுக்கினா, ஓடுச்சு. திறந்தா, நின்னுச்சு. மூடி, திறந்து, மூடி, திறந்து. ஒவ்வொரு தடவையும் நின்னுச்சு. அன்னிக்கு ராத்திரி அவ ஸ்பூன் கேட்கல.

மெஷின் போய் சேர்ந்து, அண்ணன் வேலையை ஆரம்பிச்சதும் போன் வந்துச்சு. மத்தியானம், எல்லாரும் சாப்பிட்டுக்கிட்டு இருந்தாங்க. அப்பா கை சோத்துல இருந்ததால அம்மா போனை ஸ்பீக்கர்ல போட்டுத் தரையில வச்சா.

"நல்லா இருப்பீங்களா அத்தான்?" சித்தி குரல். "சொந்தம்னு நம்பி வந்ததுக்கு ஓட்டை மெஷினைத் தள்ளி விட்டுட்டீங்களே. அன்னிக்கு ஓடுச்சு, இப்போ பாதியில பாதியில நிக்குது. என்னமோ கழட்டி மாட்டி ஏமாத்தி இருக்கீங்க."

"இல்லம்மா, சத்தியமா நான் ஒண்ணும் பண்ணல." அப்பா நெஜமாவே பதறினார். அவர் வாயிலேருந்து வந்த ஒரே உண்மை அதுதான், அதை சித்தி நம்பல.

"பெரியப்பா," அண்ணன் குரல். பின்னால மெஷின் இரைச்சல். "கதவைத் திறந்தா நின்னுடுது. மூடி மறுபடி ஓட்ட வேண்டியிருக்கு. ஒரு பீஸுக்கு நாலு தடவை."

அப்பா மெதுவா தலையைத் திருப்பி சின்னவளைப் பார்த்தார். கோவமா இல்ல. இதை ஏன் நான் கவனிக்காம விட்டேன்னு யோசிக்கற மாதிரி.

அவ போன் பக்கம் குனிஞ்சா. "அண்ணா, இப்போ மெஷின் ஓடுதா?"

"யாரு, குட்டியா? பக்கத்து வீட்டு மெஷின் சத்தம் அது. நம்மளுது இப்போகூட நின்னுபோய்த்தான் கெடக்கு."

"உன் கை எங்க இருக்கு?"

"உள்ளதான் இருக்கு. சுருள் வாரிக்கிட்டு இருக்கேன். ஏன்?"

அம்மா கரண்டியோட அப்படியே நின்னா. சின்னவ அப்பாவைப் பார்த்தா. கேட்டார்ல, இப்போ காதால கேட்டார்ல.

அப்பா சோத்தைப் பெசைஞ்சார். "தம்பி, கதவு மேல் ஓரத்துல பாரு. ரெண்டு ஸ்க்ரூ இருக்கும். பெயிண்ட் அடிச்சு மறைச்சிருக்கும், சுரண்டிட்டுக் கழட்டு. நாக்கு மாதிரி ஒரு தகடு வரும். அதை எடுத்து அந்தப் பொட்டிக்குள்ளயே சொருகிடு."

"அப்பா, வேணாம்பா"ன்னா அவ.

"சாப்பிடு."

போன்ல சுரண்டற சத்தம் வந்துச்சு. அப்பா அஞ்சு விரலையும் சேர்த்து உருட்டி வாயில போட்டார். இன்னொரு உருண்டை. ஸ்க்ரூ ஒண்ணு எங்கயோ தகரத்துல விழுந்து உருண்டுச்சு. "நாளைக்கு ஒரு பார்ட்டி வருது"ன்னு அப்பா அம்மாகிட்ட சொன்னார், "அவ யூனிஃபார்மைத் தொவச்சுப் போடு." அம்மா தலையாட்டிட்டு அவருக்கு இன்னும் கொஞ்சம் சோறு வச்சா.

போன்ல மெஷின் கெளம்பற சத்தம். கதவு தெறந்துக்கற சத்தம். மெஷின் சத்தம் கொறையல. இன்னும் பக்கத்துல வந்துச்சு.

"சரியாயிடுச்சு பெரியப்பா," அண்ணன் சந்தோஷமா கத்தினான். "கதவு திறந்தேதான் இருக்கு. சூப்பரா ஓடுது."